கடைசி நிமிடத்து ஃபிரீ த்ரோவும் முதல் நிமிடத்து ஃபிரீ த்ரோவும்

கூடைப்பந்தில் ஒரு புள்ளியால் தோற்ற அணி மைதானத்தை விட்டு வெளியே வரும்போது பேச்சு எப்போதும் ஒன்றுதான். "கடைசியில அந்த ரெண்டு ஃபிரீ த்ரோவையும் போட்டிருந்தா வென்றிருப்பம்." ஃபிரீ த்ரோ என்பது எதிரணி ஃபவுல் (விதிமீறிய மோதல்) செய்ததற்காக, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியக் கிடைக்கும் எறிதல். கிளிநொச்சியில் நடக்கும் வலய மட்டப் போட்டியானாலும் வவுனியாவில் நடக்கும் மாகாண மட்டப் போட்டியானாலும் இந்தப் பேச்சில் மாற்றமில்லை. கடைசியில் தவறவிட்ட பிள்ளை தலையைக் குனிந்தபடி பையைத் தூக்கும். முதல் கால்பகுதியில் நாலில் மூன்றைத் தவறவிட்டவர் பக்கத்திலேயே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

கடைசி எறிதல் உண்மையில் பெரியதா? பெறுமதியைப் பார்த்தால் இல்லை. முதல் நிமிடத்துப் புள்ளியும் கடைசி நிமிடத்துப் புள்ளியும் ஒன்றே. அந்தக் கணத்தின் நெருக்கத்தைப் பார்த்தால் ஆம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பிழையான பிள்ளைமேல் பழி விழுகிறது, பயிற்சியும் பிழையாகப் போகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் விதி

வன்னிப் பிள்ளைகள் கரப்பந்தும் உதைபந்தும் வலைப்பந்தும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கூடைப்பந்தின் ஃபவுல் கணக்கு கொஞ்சம் புதிது. சர்வதேச விதிப்படி ஆட்டம் 10 நிமிடம் கொண்ட 4 கால்பகுதிகள். பாடசாலைப் போட்டிகளில் நேரத்தைக் குறைப்பதுண்டு. தொடங்குமுன் மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடைக்கு எறியும்போது ஃபவுல் செய்யப்பட்டு, அந்தப் பந்து விழாவிட்டால் 2 ஃபிரீ த்ரோ. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்திருந்தால் 3. பந்து விழுந்துவிட்டால் அந்தப் புள்ளியோடு இன்னும் 1 எறிதல். எறியாத வேளையில் நடக்கும் ஃபவுலுக்கு முதலில் ஃபிரீ த்ரோ இல்லை. ஆனால் ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் 4ஐ எட்டிவிட்டால், 5ஆவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 2 எறிதல். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

ஒவ்வொரு ஃபிரீ த்ரோவுக்கும் 1 புள்ளி. எந்த நிமிடத்தில் போட்டாலும் 1 புள்ளிதான்.

புள்ளி என்பது குளத்துத் தண்ணீர்

இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு கனகராயன் ஆறு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மார்கழியில் வான் பாயும் நாளில் சனம் போய் நின்று பார்க்கும். கடைசியாக வந்த தண்ணீர்தான் குளத்தை நிரப்பியது போல இருக்கும். ஆனால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பார்க்கும்போது, ஐப்பசித் தண்ணீர் எது மார்கழித் தண்ணீர் எது என்று அளவுகோல் பிரித்துக் காட்டாது. ஐப்பசியில் வந்தது வராமல் விட்டிருந்தால் மார்கழியில் வான் பாய்ந்திருக்காது.

61க்கு 60 என்று தோற்ற ஆட்டமும் இப்படித்தான். அந்த அணி ஆட்டம் முழுவதிலும் 7 ஃபிரீ த்ரோக்களைத் தவறவிட்டிருந்தால், மற்ற எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஏழில் எந்த ஒன்று விழுந்திருந்தாலும் ஆட்டம் சமன். இரண்டு விழுந்திருந்தால் வெற்றி. கடைசி இரண்டு மட்டுமல்ல, ஏழில் எந்த இரண்டும்.

"தொடக்கத்தில் விட்டதைப் பிறகு பிடிக்கலாம், கடைசியில் விட்டால் பிடிக்க நேரமில்லை" என்று இதற்கு மறுமொழி வரும். கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் பிறகு போட்ட கூடைகளை எப்படியும் போட்டிருப்பீர்கள். முதலாம் நிமிடத்து எறிதல் விழுந்திருந்தாலும் அந்தக் கூடைகள் உங்களுடையவைதான். அவை விட்ட புள்ளியைப் பிடிக்க வந்த புள்ளிகள் அல்ல; விட்டது விட்டதுதான்.

நூறு ஆட்டக் கணக்கு

சம பலமான இரண்டு அணிகள் 100 ஆட்டம் ஆடுகின்றன என்று வைப்போம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடிகாரம் 0 ஆன பிறகு நமக்கு ஒரே ஒரு ஃபிரீ த்ரோ மிச்சமிருக்கிறது.

நாம் ஏற்கெனவே முன்னால் நின்றால் அந்த எறிதலுக்கு வேலையில்லை. 2 அல்லது அதற்கு மேல் பின்னால் நின்றாலும் வேலையில்லை. இரண்டு நிலைகளில் மட்டுமே அதற்கு வேலை. சமனில் நின்றால், விழுந்தால் வெற்றி, தவறினால் மேலதிக நேரம். மேலதிக நேரத்தில் வெல்ல வாய்ப்புப் பாதி. ஒரு புள்ளி பின்னால் நின்றால், விழுந்தால் மேலதிக நேரம், தவறினால் தோல்வி. இரண்டு நிலையிலும் எறிதல் விழுவதற்கும் தவறுவதற்கும் இடையிலான வித்தியாசம் அரை வெற்றி. 100இல் 8 ஆட்டம் இந்த நிலைகளில் நிற்கிறது என்று வைத்தால் (8 என்பது கணக்குக்காக எடுத்த எண்), அந்த எறிதலின் மொத்தப் பெறுமதி 8 × ½ = 4 வெற்றி.

இப்போது அதே எறிதலை 100 ஆட்டத்திலும் முதலாம் நிமிடத்துக்கு மாற்றுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். எந்த ஆட்டங்களில் அது முடிவை மாற்றும்? அதே 8 ஆட்டங்களில். பெறுமதி? அதே 4 வெற்றி.

வித்தியாசம் எங்கே என்றால், அந்த 4 எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதில். முதலாம் நிமிடத்தில் இது எந்த ஆட்டம் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த எறிதல் வெல்லும் வாய்ப்பை 4 வீதம் நகர்த்துகிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசி விநாடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. 92 ஆட்டத்தில் பெறுமதி பூச்சியம், 8 ஆட்டத்தில் 50 வீதம். அந்த எட்டில்தான் மைதானம் மூச்சடைத்து நிற்கும். நமக்கு நினைவில் நிற்பதும் அந்த எட்டுத்தான்.

பிறகு ஏன் கடைசி நிமிடம் வேறு மாதிரி இருக்கிறது?

மேலே "மற்றதை அப்படியே விடுங்கள்" என்றோம். உண்மை ஆட்டத்தில் மற்றது அப்படியே இருக்காது. பின்னால் நிற்பது தெரிந்தால் அணி ஆட்டத்தை மாற்றும். 35 நிமிடம் மிச்சமிருந்தால் மாற்றுவதற்குப் பல வழி. 5 விநாடி மிச்சமிருந்தால் ஒரு வழிதான், அல்லது அதுவும் இல்லை. கரப்பந்தில் இந்தச் சிக்கல் வராது. அங்கே கடிகாரம் இல்லை, 24க்கு 20 என்று பின்னால் நின்றாலும் பந்து விழும்வரை ஆட்டம் உண்டு. கூடைப்பந்தில் நேரம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது.

இங்கிருந்துதான் வேண்டுமென்றே செய்யும் ஃபவுல் வருகிறது. 40 விநாடி மிச்சம், எதிரணி 4 புள்ளி முன்னால், பந்தும் அவர்களிடம். விட்டுவிட்டால், எறியுமுன் பந்தை வைத்திருக்க ஓர் அணிக்குள்ள 24 விநாடியையும் அவர்கள் பிடித்துவைத்துப் பிறகு எறிவார்கள். உங்களுக்கு 16 விநாடி மிஞ்சும். உடனே ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும். அணி ஃபவுல் ஏற்கெனவே 4 ஆகியிருந்தால் அவர்களுக்கு 2 எறிதல். 50 வீதம் போடுபவர் எறிந்தால் சராசரியாக 1 புள்ளி போகும், 75 வீதம் போடுபவர் என்றால் 1.5 புள்ளி. அதைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள்.

ஆகவே கடைசி நிமிடத்தில் ஃபிரீ த்ரோ பெரும்பாலும் நெருக்கமான ஆட்டங்களில்தான் வந்து குவியும். 30 புள்ளி வித்தியாசத்தில் யாரும் வேண்டுமென்று ஃபவுல் செய்வதில்லை. அதனால் உண்மையில் எறியப்படும் கடைசி நிமிட எறிதல்களை மட்டும் எடுத்தால், அவற்றின் சராசரி நெருக்கம் முதல் நிமிடத்தைவிடக் கூடத்தான். கடைசி எறிதல் முக்கியம் என்று சொல்பவர்களின் பேச்சில் உள்ள உண்மை இவ்வளவு.

இந்த ஃபவுலைச் செய்வதில் இளையவர்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று, பந்தைப் பார்க்காமல் பின்னால் போய் பெனியனைப் பிடித்து இழுப்பது. நடுவர் அதை விளையாட்டுணர்வற்ற ஃபவுல் என்று அறிவித்தால் 2 எறிதலும் போகும், பந்தும் திரும்ப அவர்களுக்கே. எப்போதும் பந்தைத் தட்டப் போவதாகவே கையை நீட்ட வேண்டும். மற்றது, கோட்டுக்கு வெளியே நிற்பவர் பந்தை உள்ளே எறியுமுன்னே ஃபவுல் செய்வது. கடைசி 2 நிமிடத்தில் இதற்குத் தனி விதி இருக்கிறது: 1 ஃபிரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு. பந்து உள்ளே வந்து ஒருவர் கையில் சேரும்வரை பொறுக்க வேண்டும்.

இரண்டு எறிதல், மூன்று நிலை

சாதாரண தரக் கணிதத்தில் வரும் மரவரிப்படத்தை இங்கே போட்டுப் பார்க்கலாம். நேரம் முடிந்துவிட்டது, உங்களுக்கு 2 எறிதல். எறிபவர் 75 வீதக்காரர்.

ஆட்டம் சமனில் நின்றால், இரண்டும் தவறும் வாய்ப்பு 0.25 × 0.25, அதாவது 6.25 வீதம். அப்போதும் மேலதிக நேரம் உண்டு. மொத்தத்தில் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 97 வீதம். 50 வீதக்காரர் எறிந்தால் 87.5 வீதம்.

ஒரு புள்ளி பின்னால் நின்றால், இரண்டும் விழ 56.25 வீதம், ஒன்று மட்டும் விழ 37.5 வீதம், பின்னதில் பாதியைக் கூட்டினால் 75 வீதம். 50 வீதக்காரருக்கு 50 வீதம். எறிபவரின் வீதமே அணியின் வெல்லும் வாய்ப்பாக வந்து நிற்கிறது. இது தற்செயல் இல்லை. எந்த வீதத்தைப் போட்டாலும் அப்படித்தான் வரும், செய்து பாருங்கள்.

இரண்டு புள்ளி பின்னால் நின்றால் இரண்டும் விழ வேண்டும், பிறகு மேலதிக நேரத்திலும் வெல்ல வேண்டும். 75 வீதக்காரருக்கு 28 வீதம், 50 வீதக்காரருக்கு 12.5 வீதம்.

முன்னால் நிற்கும்போதும் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி உறைக்காது. 10 விநாடி மிச்சத்தில் முன்னிலை 1இலிருந்து 2 ஆனால், எதிரணியின் சாதாரண 2 புள்ளிக் கூடை உங்களைத் தோற்கடிக்காது, சமனாக்கும். 2இலிருந்து 3 ஆனால் அந்தக் கூடையே போதாது. தூரத்திலிருந்துதான் எறிய வேண்டும். 3இலிருந்து 4 ஆனால், மூன்று புள்ளி எறிதலோடு ஃபவுலும் கிடைத்தால் ஒழிய, ஒரே எறிதலில் பிடிக்க வழியில்லை.

நடந்த நாலு ஆட்டங்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் 1995 இறுதிச் சுற்று, முதல் ஆட்டம். ஒர்லாண்டோ 3 புள்ளி முன்னால், ஏறத்தாழ 10 விநாடி மிச்சம். அந்த அணியின் நிக் அண்டர்சன் தொடர்ந்து 4 ஃபிரீ த்ரோவைத் தவறவிட்டார். ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் மூன்று புள்ளி எறிதலால் சமனாக்க, மேலதிக நேரத்தில் ஹூஸ்டன் 120க்கு 118 என்று வென்றது. அந்த நாலில் ஒன்று விழுந்திருந்தாலே முன்னிலை 4. இதைவிடத் தெளிவான கடைசி நிமிடக் கதை கிடையாது. ஆனால் அதே ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் ஒர்லாண்டோ 20 புள்ளி முன்னால் நின்றது. அந்த 20ஐக் கரையவிட்டது அண்டர்சன் ஒருவர் அல்ல. பழி மட்டும் அவர் ஒருவருக்கே போனது, இது அநியாயம்.

1997 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 82க்கு 82 என்று சமனில் நிற்க, 9.2 விநாடி மிச்சத்தில் யூட்டாவின் கார்ல் மலோன் இரண்டையும் தவறவிட்டார். எதிரணியின் மைக்கேல் ஜோர்டான் கடைசி எறிதலைப் போட்டு 84க்கு 82 என்று முடித்தார். 2008இல் அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் மெம்பிஸ், 2 நிமிடம் சொச்சம் மிச்சத்தில் 9 புள்ளி முன்னால் நின்று, பிறகு ஃபிரீ த்ரோக்களைத் தவறவிட்டு, மேலதிக நேரத்தில் கான்சாசிடம் 75க்கு 68 என்று தோற்றது.

எதிர்ப்பக்கத்துக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. 3 விநாடி மிச்சத்தில் அமெரிக்காவின் டக் கொலின்ஸ் இரண்டு ஃபிரீ த்ரோவையும் போட்டார், 50க்கு 49. கடைசி நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாயிற்று. ஆனால் அந்த 3 விநாடி மறுபடி மறுபடி ஆடவைக்கப்பட, சோவியத் அணி 51க்கு 50 என்று வென்றது. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

பதற்றம்

கடைசி நிமிடத்தில் கை நடுங்குமா? நடுங்கும். என்பிஏ பதிவுகளை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மிக நெருக்கமான ஆட்டங்களின் கடைசி விநாடிகளில் வீரர்கள் தங்கள் வழக்கத்தைவிட 5 முதல் 10 வீதம்வரை குறைவாகப் போடுவதைக் கண்டது. தொழில்முறை வீரர்களுக்கே அப்படி. 75 வீதக்காரர் 68க்கு இறங்குகிறார் என்று வைத்தால், சமனில் நிற்கும்போது வெல்லும் வாய்ப்பு 97இலிருந்து 95க்குத்தான் இறங்கும். ஒரு புள்ளி பின்னால் என்றால் 75இலிருந்து நேரே 68.

ஆனால் 50 வீதக்காரருக்கும் 75 வீதக்காரருக்கும் உள்ள இடைவெளி பதற்றத்தால் வரும் இறக்கத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஷக்கீல் ஓ'நீல் தன் என்பிஏ காலம் முழுவதிலும் போட்டது 52.7 வீதம். எதிரணிகள் வேண்டுமென்று அவரையே தேடிப்போய் ஃபவுல் செய்தன. நெஞ்சுறுதி பற்றிப் பேசும் நேரத்தை எறிதலைத் திருத்தச் செலவிடுவது நல்லது.

மைதானத்தில் செய்ய வேண்டியது

முதல் வேலை கோட்டைச் சரியாகப் போடுவது. நம் பாடசாலை மைதானங்கள் பலவற்றில் கிரவல் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுகிறோம். தூணிலிருந்து அளப்பதுதான் வழமையான பிழை. போர்ட்டின் முன்முகத்திலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல் தரையைத் தொடும் இடத்திலிருந்து 4.60 மீற்றர். கோட்டின் தூர விளிம்பு அதில் வர வேண்டும். வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். மழைக்குக் கிரவல் அரித்து வளையத்தின் கீழ் பள்ளம் விழும், ஆகவே பள்ளத்திலிருந்து அளக்காதீர்கள். கோட்டடியில் தரை மட்டத்தை எடுத்து அதிலிருந்து அளவுங்கள். ஆண்களுக்கு 7ஆம் இலக்கப் பந்து, பெண்களுக்கு 6. பிழையான கோட்டில் 80 வீதம் போடும் பிள்ளை சரியான கோட்டில் என்ன போடும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, எண்ணி எழுதுவது. ஒரே மூச்சில் 20 எறிய வேண்டாம். ஆட்டத்தில் அப்படி வராது. இரண்டு எறிந்துவிட்டு ஓர் ஓட்டம், மறுபடி இரண்டு. மூச்சு வாங்கும்போது விழுவதுதான் ஆட்டத்திலும் விழும். நடுவர் பந்தைக் கொடுத்ததிலிருந்து 5 விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது சர்வதேச விதி. பயிற்சியிலும் ஒருவர் எண்ணட்டும். பந்து வளையத்தைத் தொடுமுன் கால் கோட்டை மிதித்தால் அந்த எறிதல் செல்லாது, அதையும் அவரே பார்க்கட்டும். 20 எறிதலில் ஒருவர் 14, மற்றவர் 16 என்றால் யார் திறம் என்று சொல்ல முடியாது. 100 எறிந்தாலும் 70 வீதக்காரர் ஒருநாள் 62, இன்னொருநாள் 78 என்று வரலாம். இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, அந்தக் கணக்கைக் கடைசி 2 நிமிடத்தில் பயன்படுத்துவது. ஃபவுல் செய்யப்பட்டவரே எறிய வேண்டும். காயம் போன்ற காரணமின்றி மாற்ற விடமாட்டார்கள். ஆகவே முன்னால் நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறது என்பதுதான் தெரிவு. "சேர், நான் நல்லா ஓடுவன், பந்தை நான் வாங்கட்டா?" என்று கேட்கும் தம்பிக்குக் கொப்பியைக் காட்டுங்கள். தொழில்நுட்ப ஃபவுலுக்கு (மோதல் இல்லாமல், நடத்தை போன்றவற்றுக்காகக் கொடுபடும் ஃபவுல்) மட்டும் யாரை வேண்டுமானாலும் எறியவிடலாம். அதற்குரியவரை ஆட்டம் தொடங்குமுன்னே தீர்மானித்து வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பழி சொல்லுமுன் புள்ளித்தாளை வாங்கிப் பாருங்கள். விழுந்த ஃபிரீ த்ரோ ஒவ்வொன்றும் அதில் நிரப்பிய வட்டப்புள்ளியாக இருக்கும். தவறியவை ஓட்டப்புள்ளி நிரலில் (புள்ளி கூடக் கூட எழுதிவரும் நிரல்) இராது, ஆனால் கண்டுபிடிக்கலாம். எதிரணி வீரர்களின் ஃபவுல் கட்டங்களில், ஃபவுலின் வகையைக் காட்டும் எழுத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று சின்ன இலக்கம் இருந்தால் அத்தனை எறிதல் கொடுபட்டது என்று பொருள். அவற்றைக் கூட்டி, உங்கள் வட்டப்புள்ளிகளைக் கழித்தால் வருவது நீங்கள் விட்டவை. முதலாம், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பிலும், இரண்டாம், நான்காம் கால்பகுதிகளை நீலம் அல்லது கறுப்பிலும் எழுதுவது முறை. சிவப்பைத் தனியாக எண்ணுங்கள். இடைவேளைக்கு முன்னே போன புள்ளிகளில் கொஞ்சம் அங்கேதான் இருக்கும்.